நம்பர் கொடுத்த பிறகு

மார்ச் 3, செவ்வாய்

இன்று ரயில்வே கேட்டை இருபத்தொரு முறை சாத்தினேன். சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியும், தார்ப்பாய் போட்டு மூடிய சரக்கு வண்டிகள் நின்றபாடில்லை. அன்றைக்குப் போனதெல்லாம் இப்போது திரும்பி வருகிறது, என் வீட்டுக்காரரைத் தவிர.

மத்தியானம் மர லாரிக்காரன் ஒருவன் சண்டைக்கு வந்தான். "எங்கம்மா ரயிலு? கண்ணுக்கெட்டின தூரம் காணோமே. தொறந்து விடு, ஒரே நொடியில போயிடறேன்" என்றான். "காணோம்னா வருதுன்னு அர்த்தம். வந்தப்புறம் பார்க்கிறதுக்கு நீ இருக்க மாட்டே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சிகரெட் பற்ற வைத்தான். திட்டட்டும். இந்த ரோட்டில் எனக்கு இரும்பக்கா என்று பெயர் வைத்திருப்பது எனக்கும் தெரியும். துருப்பிடிக்காத வரைக்கும் சரி.

இந்த வேலையில் சட்டம் ஒன்றுதான். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டு ரயில் வருகிறது என்பார். நான் போய் இரண்டு பக்கமும் கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்து, அச்சடித்த தாளில் அடுத்தபடியாக இருக்கும் நம்பரைச் சொல்ல வேண்டும். அதை அவர் எழுதிக்கொண்ட பிறகுதான் ரயிலுக்கு வழிவிட்டுச் சிக்னல் இறங்கும். நம்பர் கொடுத்தாயிற்று என்றால் கேட் என்னுடையது இல்லை, ரயிலுடையது. கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பூட்டைத் தொடலாம். பட்டாளத்துக்குக் கிளம்பும் முன் எட்டு நாள் என்னை இதில் பழக்கிவிட்டுப் போனார் என் வீட்டுக்காரர். பதினோரு வருஷம் அவர் பார்த்த கேட். சண்டை முடியும் வரை அவருக்குப் பதிலாக நான் என்று ரயில்வேயில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் நாலு மாதம் ஓடிவிட்டது. கேட் எங்கள் கையில் இருக்கும் வரைதான் அதை ஒட்டிய இந்த வீடும்.

சாயங்காலம் அவர் கடிதம் வந்தது. 21-ஆம் தேதி வருகிறாராம். "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். கோடு எதற்கு?

மார்ச் 4

வீட்டைக் கழுவிவிட்டேன். கோடு எதற்கு என்பதுதான் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடியது.

மார்ச் 21, சனி

வந்துவிட்டார். ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவார் என்று பார்த்தால், பாசஞ்சர் வண்டி கேட்டைத் தாண்டும்போது கடைசிப் பெட்டியிலிருந்து குதித்தார். கார்டு நண்பராம், ஏற்றிக்கொண்டாராம். கடைசிப் பெட்டியைப் பார்க்க வேண்டிய கண் இவரைப் பார்த்தது. பூட்டைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. ரோட்டில் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மகளுக்கு வீட்டில் வாத்தி என்று பெயர், எல்லாரையும் திருத்துவாள். அப்பா போகும்போது ஏழு வயது, இப்போது ஒன்பது. அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஓடற வண்டியிலேர்ந்து குதிக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.

கை கால் எல்லாம் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன் என்றே எழுதிக்கொள்கிறேன், வெட்கமில்லை.

மார்ச் 23, திங்கள்

நாத்தனார் வந்திருந்தார். இவருக்கு அக்கா, தாய் மாதிரி வளர்த்தவர், அதைச் சொல்லிக் காட்டவும் தவறாதவர். தம்பிக்குப் பட்டாளத்தில் கொடுத்த நற்சான்றுப் பத்திரத்தைக் கையோடு வாங்கிப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, வாசலைப் பார்த்தாற்போல் தானே ஆணி அடித்து மாட்டினார். "குண்டுவீச்சின்போதும் காவலிடத்தை விட்டு அகலாமல் கடமையாற்றியமைக்காக" என்று இருக்கிறது. இவர் இருந்தது ரயில்வேக்காரர்களைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்த படைப்பிரிவு. தண்டவாளம் போடுவது, பாலத்தைச் செப்பனிடுவது, கேட் பார்ப்பது. தோளில் துப்பாக்கியும் உண்டாம்.

"என்னங்க, எந்த ஊர்ல குண்டு போட்டாங்க?" என்று கேட்டேன். "பேரு வாயில நுழையாத ஊரு" என்றார். அதோடு சரி. சாப்பிட உட்கார்ந்தபோது பத்திரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

கேட்டை ஒப்படைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டில் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு இவர் பெயரை எழுதினார். "ரொம்ப நல்லாப் பார்த்தீங்கம்மா. இனிமே நிம்மதியா வீட்டைப் பாருங்க" என்றார்.

வீட்டைப் பார்க்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கேட்தான் தெரிகிறது. புருஷன் உயிரோடு திரும்பி வந்து பழைய வேலையில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கு வயிறெரிகிற பெண்பிள்ளையும் உண்டா? உண்டு. இங்கே ஒருத்தி இருக்கிறாள்.

ஏப்ரல் 15

ஒன்று கவனித்தேன். கேட்டைச் சாத்திய பிறகு கேட்காரன் பார்க்க வேண்டியது தண்டவாளத்தை. இவர் ரோட்டைப் பார்க்கிறார். நிற்பவர்களிடம் போய், "இன்னும் நாலு நிமிஷம், இன்னும் மூணு நிமிஷம்" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜனங்களுக்கு இவரை ரொம்பப் பிடித்துவிட்டது. மர லாரிக்காரன்கூட எனக்குக் கேட்கும்படி, "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்றான்.

ஏப்ரல் 28, செவ்வாய்

என் கண்ணால் பார்த்தேன். எழுதிவிட்டால் உண்மையாகிவிடும் என்று இவ்வளவு நேரம் பேனாவைத் தொடவில்லை.

மாலை ஐந்தேகால். சோப்பு ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து பத்துப் பதினைந்து பேர் கேட்டில் நின்றார்கள். ஜன்னல் வழியாக இவர் குரல் கேட்டது. போனில் நம்பர் சொன்னார், தெளிவாக. நானும் வழக்கம்போல மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு வெளியே வந்து அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூட்டைத் திறந்தார். எல்லாரும் தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்கள். ஒரு கிழவர் இவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். இவர் கேட்டைத் திரும்பச் சாத்தினார். இரண்டு நிமிஷத்தில் எக்ஸ்பிரஸ் போயிற்று.

நம்பர் கொடுத்த பிறகு. நம்பர் கொடுத்த பிறகு திறந்திருக்கிறார்.

ஏப்ரல் 29

கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, "ரெண்டு நிமிஷம் இருந்துச்சே" என்றார். "எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே" என்றேன். "அவங்க யாராவது அவசரம்னு கேட்டாங்களா? சத்தம் போட்டாங்களா?" என்றேன்.

"சத்தம் போட்டிருந்தா தொறந்திருக்க மாட்டேன். சும்மா நின்னாங்க" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம்?

மே 5, செவ்வாய்

ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். போன் அவர் எடுக்கட்டும், நம்பர் அவர் சொல்லட்டும். சாத்துவதும் பூட்டுவதும் நான். சாவி என் இடுப்பில். யாராவது கேட்டால் அவருக்கு முதுகுவலி என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னதற்கு மாடு மாதிரி தலையாட்டினார். பதினோரு வருஷம் கேட் பார்த்த மனுஷனிடமிருந்து சாவியைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. அப்பாடா என்ற நிம்மதிதான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாத்தி கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒரே வேலையைச் செய்யறீங்களே, ரெண்டு சம்பளம் வருமா?"

மே 9

பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். பூட்டு கையில் இருந்தால் எனக்குத் தூக்கம்கூட நன்றாக வருகிறது. இதை அவரிடம் சொல்ல முடியாது.

மே 17

காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி. சாவி தலையணைக்கு அடியில். கூப்பிட்டால் எழுந்து போகிறேன்.

மே 19, செவ்வாய்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது. வரட்டும்.

இன்று காய்ச்சல் அதிகம். மத்தியானத்துக்கு மேல் மூன்று வண்டிக்கு எழுந்து போய்ப் பூட்டினேன். பிறகு கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. போன் மணி கேட்டது. சங்கிலிச் சத்தம் கேட்டது, சாத்துகிறார் என்று தெரிந்தது. பிறகு இவர் போனில் நம்பர் சொன்னார். தலையணைக்குக் கீழே கையை விட்டால் சாவி இல்லை. கொஞ்ச நேரத்தில் சங்கிலி மறுபடியும் சத்தம் போட்டது. சாத்தும்போது ஒரு சத்தம், திறக்கும்போது ஒரு சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

போர்வையோடு வெளியே ஓடினேன். ஷிப்ட் ஆட்கள் பாதிப் பேர் தாண்டிவிட்டார்கள். நடுவில் வெங்காயக்காரரின் தள்ளுவண்டி. முன் சக்கரம் தண்டவாளத்துக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அவர் தள்ளுகிறார், இவர் இழுக்கிறார். வளைவுக்கு அப்பால் சரக்கு வண்டி ஊதியது. நான் சிவப்புக் கொடியை உருவிக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. டிரைவர் பார்த்துவிட்டார். பிரேக் போட்ட சத்தம் இன்னும் பல்லில் கூசுகிறது. ஆனால் சரக்கு வண்டி சொன்னவுடன் நிற்குமா. திரும்பிப் பார்த்தால் இவர் வெங்காயக்காரரை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு பின்னால் விழுகிறார். இன்ஜின் தள்ளுவண்டியை இடித்துச் சுருட்டி இருபது முப்பது அடி தள்ளிக்கொண்டு போய் நின்றது.

யாருக்கும் ஒன்றும் இல்லை. வெங்காயம்தான் தண்டவாளம் முழுக்க. வெங்காயக்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார், நிறுத்த முடியவில்லை அவரால். வாத்தி பள்ளிக்கூடம் விட்டு அந்த நேரத்துக்குத்தான் வருவாள். இன்று ஐந்து நிமிஷம் பிந்தி வந்தாள். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்துக்கொண்டே அவளைப் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறேன்.

மே 20, புதன்

காலையில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு நானே மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு ஊரைக் காலி செய்தார்கள். அந்த ஊர் கேட்டில் இவரைப் போட்டிருந்தார்கள். வெடிமருந்து ஏற்றிய ரயில் வருகிறது, கேட்டைச் சாத்து என்று போன் வந்தது. சாத்தினார், நம்பர் கொடுத்தார். அதற்குப் பிறகு போன் செத்துவிட்டது. ஊர் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து நின்றார்கள். முதலில் இருபது முப்பது பேர். அப்புறம் ரோடு நிறைய. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள். இவர் ரெண்டு நிமிஷம் என்றார். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் ரெண்டு நிமிஷம் என்றார். ரயில் வரவில்லை.

"தொறந்திருக்கலாம். தொறந்தா ஆளுங்க தண்டவாளத்துல நிக்கும்போது ரயில் வந்துட்டா? வெடிமருந்து ரயில். நம்பர் குடுத்துட்டேன். நம்பர் குடுத்த கேட்டை எப்படித் தொறப்பேன்? ஒருத்தர்கூடத் தள்ளல. ஒருத்தர்கூடத் திட்டல. யூனிபார்ம் போட்டவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்னு நின்னாங்க. ஒரு பொம்பளை எனக்குத் தண்ணி குடுத்தா."

பிறகு விமானம் வந்து குண்டு போட்டது. கேட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளம் இருந்தது, இவர் அதில் இருந்தார். ஜனங்கள் நின்ற பக்கம் ரோடு மட்டும்தான்.

"ரயில்?" என்று கேட்டேன்.

"அந்த ரயிலு வரவே இல்ல" என்றார்.

அதற்குத்தான் அந்தப் பத்திரம். அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வைத்துக்கொண்டேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

மே 21

திங்கட்கிழமை ரயில்வே இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். அதற்குள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

நாத்தனார், ஸ்டேஷன் மாஸ்டர், வெங்காயக்காரர் மூவரும் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினார்கள். கேட் பூட்டித்தான் இருந்தது, வெங்காயக்காரர் அவசரத்தில் பழைய பூட்டை அசைத்துத் திறந்துகொண்டார் என்று எழுதப்போகிறார்கள். டிரைவர் வளைவில் இருந்ததால் கேட்டைப் பார்க்கவில்லை. ஷிப்ட் ஆட்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "வெங்காயக்காரரை எச்சரிச்சு விட்டுடுவாங்க, ஜெயில்ல போடற குத்தம் இல்ல" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

நான் வெங்காயக்காரரைப் பார்த்தேன். "நீங்க எதுக்கு இதைத் தலையில தூக்கிப் போட்டுக்கணும்?" என்றேன். "எங்களுக்காகச் சண்டைக்குப் போன மனுஷன்க்கா. உயிரைக் காப்பாத்தினதும் அவர்தான். இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன ஆளு" என்றார். காப்பாற்றியது அவர்தான், சரி. மாட்டிவிட்டதும் அவர்தானே என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நாத்தனார் என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். காய்ச்சல்ல படுத்திருந்தே, ஒண்ணும் தெரியாது, அவ்வளவுதான்" என்றார்.

இவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

மே 22

எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் சேர்ந்து இவரை மறுபடியும் அந்தக் கேட்டில் உட்காரவைக்கப் போகிறார்கள்.

மே 24, ஞாயிறு

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை இருக்கும், வீடு இருக்கும், புருஷன் மானம் இருக்கும். சாவியை நான் வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாளைக்கு? இன்னொரு காய்ச்சல் வராதா? ஒரு நாள் வெளியூர் போக வேண்டி வராதா? அவரை நானே ஒளித்துவைத்துக் காவல் காக்கிறேன், அதற்குக் குடும்பம் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். அடுத்த முறை சும்மா நிற்கிற கூட்டத்தில் வாத்தி இருந்தால்?

அவரிடமே கேட்டேன்: "திரும்பக் கேட்டில உட்கார்ந்தா, அவங்க சும்மா நின்னா, தொறக்காம இருப்பீங்களா?"

"தெரியல" என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மே 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர். எழுத ஒரு கிளார்க். முதலில் வெங்காயக்காரர், மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்க காய்ச்சல்ல இருந்தீங்களாமே, எதுவும் பார்த்தீங்களா?" என்று கேட்டார். கேள்வியிலேயே பதிலையும் வைத்திருந்தார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"பார்த்தேன் சார். கேட்டைத் தொறந்தது என் வீட்டுக்காரர். நம்பர் குடுத்த பிறகு தொறந்தார். இது முதல் தடவை இல்ல" என்றேன். கிளார்க்கின் பேனா நின்றுவிட்டது. சாவியை நான் வாங்கி வைத்திருந்ததையும் சொன்னேன். சண்டையில் நடந்ததை அவர் சார்பில் நான் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். "அங்க என்ன நடந்துதுன்னு அவரையே கேளுங்க, அவருக்கு இது வேலை செய்யற இடம் இல்ல, மருந்து வேணும்" என்றேன்.

அதோடு எழுந்து வந்திருந்தால் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன். வாய் சும்மா இருக்கவில்லை. "கேட்டை என்கிட்ட குடுங்க சார். ரெண்டு வருஷம் ஒரு தப்பு இல்லாம பார்த்திருக்கேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "ஓ. அதுக்குத்தானா?" என்றார்.

இவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது.

மே 26

பேசவில்லை.

மே 27

அதுக்குத்தானா? நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னேனா, வேலையைக் கேட்டேனா? இரண்டும்தான். ஆனால் உண்மையை முதலில் சொன்னேன். யாராவது இதை நம்ப வேண்டும் என்று இருக்கிறது, நானாவது நம்ப வேண்டும்.

ஜூன் 1, திங்கள்

நாத்தனார் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. "கட்டினவனையே காட்டிக்குடுத்துட்டியே. சண்டையிலகூட அவனுக்கு இப்படி எதிரி இல்ல" என்றார். "அண்ணி, உள்ள வாங்க" என்றேன், இரண்டு முறை. ஷிப்ட் ஆட்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். இரும்பக்கா என்று இதுவரை கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது கேலி இல்லை.

இவர் என்னோடு பேச வேண்டியதையெல்லாம் வாத்தி மூலமாகப் பேசுகிறார். "உங்கம்மாகிட்ட சொல்லு, சட்டை பொத்தான் போயிடுச்சு." "உங்கம்மாகிட்ட கேளு, சோப்பு எங்கே." நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன். நேற்று வாத்தி பொறுமை இழந்து, "நான் என்ன போன் லைனா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் வேலையிலிருந்து நீக்கவில்லை. ரயில் ஓடும் இடத்தில் இனி அவருக்கு வேலை இல்லை. சாமான் கிடங்கில், விளக்குத் துடைத்து எண்ணெய் போடும் வேலை. பட்டாளத்து ஆஸ்பத்திரி டாக்டரிடம் மாதம் இரண்டு முறை போக வேண்டும். கேட் வீட்டை இம்மாதம் 21-க்குள் காலி செய்ய வேண்டும்.

எனக்கும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். பெண்களைக் கேட்டில் வைத்தது போர்க்கால ஏற்பாடு மட்டுமே. வேறு ஊரிலிருந்து ஆள் வருகிறார்.

ஜூன் 9

அழுது முடித்துவிட்டேன். யாருக்காக அழுதேன் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

வீடு மாறினோம். சோப்பு ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரே அறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். சாமானைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர் வெங்காயக்காரர்தான்; புது வண்டி. நான் கூப்பிடவில்லை, அவராக வந்தார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "நீங்க சொன்னது எனக்கு அன்னிக்குக் கோபமா இருந்துச்சுக்கா. வீட்டுக்குப் போய் என் பிள்ளைங்களைப் பார்த்தேன், அப்புறம் இல்ல" என்றார். இந்த ஒரு மாதத்தில் எனக்கு யாராவது சொன்ன நல்ல வார்த்தை என்றால் இது ஒன்றுதான்.

இங்கே ரயில் சத்தம் தூரத்தில் கேட்கிறது. கேட்டால் என் கை தானாக இடுப்பைத் தடவுகிறது.

ஜூலை 4, சனி

கிடங்கிலிருந்து கேட் வழியாக வந்தால் பத்து நிமிஷம். இவர் பாலத்துக்குக் கீழே சுற்றிக்கொண்டு முப்பத்தைந்து நிமிஷம் நடந்து வருகிறார். மழையிலும் அப்படித்தான். டாக்டரிடம் போகிறார், பேசுகிறாராம். டாக்டரிடம் பேசுகிறவருக்கு என்னிடம் பேச என்ன? நான் இப்படி நினைப்பது தப்பு என்று தெரியும். தெரிந்தும் நினைக்கிறேன்.

வாத்தி சொன்னாள்: "அப்பா என்கிட்ட உன்னைப் பத்திக் கேட்டார்." என்ன கேட்டார் என்றேன். "உங்கம்மா சரியாச் சாப்பிடறாளான்னு." நீ என்ன சொன்னாய்? "நேர்ல கேளுங்கன்னு சொன்னேன்."

ஜூலை 15, புதன்

இன்று டாக்டர் என்னையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியதால் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா. திரும்பி வரும்போது வாத்திக்குக் கால் வலி. பாலத்துப் பக்கம் சுற்றிப் போக மாட்டேன் என்று ரோட்டிலேயே நின்றுவிட்டாள். இவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட் ரோட்டில் திரும்பினார். நான் பின்னால் போனேன்.

நாங்கள் போய்ச் சேரவும் புதுக் கேட்காரர் சாத்தவும் சரியாக இருந்தது. பூட்டினார், உள்ளே போய் நம்பர் கொடுத்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஷிப்ட் ஆட்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள், ரோடு நிறைய ஆள். இவர் நெற்றியெல்லாம் வியர்வை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று வாத்தி மூலமாகக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் இரண்டு கையாலும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆனதும் பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. "தொறய்யா, ரயிலையே காணோம்" என்று ஒருவர். இன்னொருவர் கேட்டைப் பிடித்து ஆட்டினார். புதுக் கேட்காரர் சின்ன வயசு, முகம் வெளிறிப்போய் வாசலில் நின்றார். பூட்டைப் பார்க்கிறார், ஜனங்களைப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

இவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "அவர் தொறக்க மாட்டார். நம்பர் குடுத்துட்டார்" என்றார். பெரிய குரல் இல்லை. ஆனால் இவர் யார், எதற்காக இங்கிருந்து போனவர் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆட்டிய ஆள் கையை எடுத்துவிட்டார்.

பிறகு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டார்.

வாத்தியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவர் என்னிடம் நேராகப் பேசி ஐம்பத்தொரு நாள் ஆகிறது. "பத்தொம்பது" என்றேன்.

"அங்க ஐம்பது நிமிஷம் நின்னாங்க" என்றார்.

"நிக்கலாம்ங்க. நான் இருக்கேன்" என்றேன்.

இருபத்தாறாவது நிமிஷத்தில் சரக்கு வண்டி வந்தது, நாற்பது பெட்டி இருக்கும். கடைசிப் பெட்டி போகும் வரை இருவரும் பார்த்தோம். கேட்காரர் பூட்டைத் திறந்தார். எல்லாரும் போன பிறகு நாங்கள் தாண்டினோம்.